வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா?

தமிழ்நாட்டு நகர வீதிகளில் சைக்கிளில் போகிறவனைப் பார்த்து மோட்டார் ஓட்டுகிறவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுல சொல்லிட்டு வந்திட்டியா?" என்பதுதான் அது. காதுக்கு மிகவும் அன்பான விசாரணை போலத் தோன்றும். மனைவி மக்களிடம் விடை பெற்றுக்கொண்டுதான் புறப்பட்டாயா என்று இவ்வளவு அக்கறையுடன் கேட்பவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? ஆனால் கேள்வியின் உட்பொருள், "நீ இன்றைக்குச் சாகப் போகிறாய், அதற்கு நான் பொறுப்பாளியல்ல" என்பதாகும். சென்னைப் பட்டணத்தில் இதையே 'சாவுகிராக்கி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். தலைநகரத்தில் எல்லாமே அவசரந்தான். எங்கள் விருதுநகர்ச் சீமையில் வசவுக்குக்கூட எழுவாய் பயனிலை பார்த்து ஒரு வாக்கியம் அமைக்கிறோம்.

நான் இந்தப் பிரதேசத்தில் உபாத்தியாயர் வேலை பார்க்கத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சைக்கிள் என் வாகனம். சென்ற தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை அதிகாலையில், விருதுநகரிலிருந்து சிவகாசி வரையில் சைக்கிளிலேயே போய் வருவதென்று புறப்பட்டேன். வழி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஸ்தல யாத்திரை செய்கிறவர்கள் கோவில் கோவிலாகக் கும்பிட்டுக்கொண்டு போவார்கள் அல்லவா? நானோ ஹாரன் ஹாரனாகக் கேட்டுக்கொண்டு போனேன்.

விருதுநகர்க் கடைவீதியைப் பார்த்திராத நேயர்களும் அதன் பெயரைப் பத்திரிகையில் பார்த்திருப்பார்கள். மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் வகைகளின் விலை நிலவரம் இந்த ஊரின் பெயரால்தான் வெளியாகிறது. 1923-ஆம் வருஷத்தில் விருதுபட்டி விருதுநகராகப் பெயர் மாறியது. தெருக்களின் அகலம் மட்டும் விருதுபட்டியாகவே இருந்துவிட்டது. மாட்டு வண்டிக்கும் தலைச்சுமைக்கும் அளவெடுத்துப் போட்ட தெருக்கள். தெப்பக்குளத்தைச் சுற்றியும், காமராஜர் பிறந்த வீட்டை அடுத்த சந்துகளிலும் இன்றைக்கு மூட்டை ஏற்றிய லாரியும், ஆட்டோவும், மோட்டார் சைக்கிளும், அவற்றின் நடுவே மிதிவண்டியும் ஒரே சமயத்தில் புகுந்துகொள்ளப் பார்க்கின்றன. இங்கே கோபத்துக்குக் குறைவில்லை. ஆனால் வேகம் கிடையாது. ஆகையால் சண்டை வாயோடு முடிந்து போகிறது. சைக்கிள்காரர் ஒரு காலைக் கடைப் படியில் ஊன்றிக்கொண்டு பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்வார், லாரிக்காரரும் கேட்டுக்கொள்வார். வேறு எங்கே போக முடியும் அவரால்?

சைக்கிளை எப்போதும் ஏழையின் வாகனமென்றும் சாதுவென்றும் நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் தெருவில் கால்நடையாய்ப் போகிறவர்களைக் கதி கலங்க அடித்தது இதுதான். அப்போது சைக்கிளுக்கு நகரசபைக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இருட்டினபின் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு போனால் அபராதம். அந்த நாளில் சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு, "ஓரமாப் போ பாட்டி!" என்று அதட்டியதைக் கேட்ட பாட்டிமார்கள் இன்றைய நிலையைக் கண்டால் கொஞ்சம் சந்தோஷப்பட்டாலும் படுவார்கள்.

ஊரைத் தாண்டி ஆமத்தூர்ச் சாலையில் போகும்போதுதான் விஷயம் வேறாகிறது. இருபுறமும் கரிசல் பூமி, சீமைக் கருவேல மரங்கள். பின்னாலிருந்து திடீரென்று ஒரு காற்று ஹாரன். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, பல ஸ்வரங்கள் அடுத்தடுத்து ஒலிக்கும் ஹாரனையும், காதைத் துளைக்கும்படி அலறும் ஹாரனையும் வண்டியில் பொருத்தவே கூடாதென்று சொல்கிறது. விதியை எழுதியவர்கள் இந்தச் சாலையில் சைக்கிள் மிதித்ததில்லை போலும்! ஹாரனைக் கேட்டதும் இடப்பக்கம் ஒதுங்கத்தான் மனம் பாய்கிறது. ஆனால் ஒதுங்குவதற்கு இடம் வேண்டுமே. தார் முடிகிற இடத்தில் நாலு விரற்கடைப் பள்ளம். அதற்கு அப்பால் சரளைக் கல். முன் சக்கரம் அந்த விளிம்பில் இறங்கினால் ஆள் விழுவது நிச்சயம். விழுவதும் சாலைப் பக்கமாகவே விழுவார். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பள்ளம் கண்ணில் படுவதில்லை. "இடம் இருந்தும் ஒதுங்க மாட்டேன் என்கிறான், திமிர்" என்றே அவர் நினைக்கிறார். சாலைக் கோபங்களில் பாதிக்குக் காரணம் இந்த நாலு விரற்கடைதான் என்பது என் அபிப்பிராயம்.

சிவகாசிக்குச் சற்று முன்னால் திருத்தங்கல். குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோவில். ஒரு வாய் தண்ணீர் குடிக்க அங்கே இறங்கினேன். இந்த ஊரைப் பற்றிச் சிலப்பதிகாரத்தில் ஒரு கதை வருகிறது. வார்த்திகன் என்னும் ஏழை அந்தணன் வீட்டுக்குத் திடீரென்று ஆபரணங்கள் வந்து சேர்ந்ததைப் பார்த்துப் பொறாமை கொண்டவர்கள், புதையல் எடுத்தவன் என்று பழி சுமத்தி அவனைச் சிறையில் போட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை புழுதியில் புரண்டு அழுதாள். கொற்றவை கோவிற் கதவு திறக்க மறுத்தது. பாண்டியன் விசாரித்து உண்மையறிந்து, அவனை விடுவித்ததோடு நில்லாமல், தரையில் விழுந்து மன்னிப்பும் கேட்டு, இந்தத் தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுத்தானாம். ராஜா ஏழையிடம் மன்னிப்புக் கேட்ட ஊரின் வழியாக ஹாரன் அடித்துக்கொண்டு பாய்கிற வண்டிகளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

சிவகாசியில் நான் கண்ட சம்பவம் காலை ஏழே முக்கால் மணிக்கு நடந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து வளர்ந்த ஊர் இது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் மூன்றுக்கும் இருக்கிற லாரிகள் எல்லாம் அந்த ஒரு தெருவில் நிற்பது போலிருந்தது. ஓர் அச்சகத்தின் வாசலில் காகித உருளைகளை இறக்கிக்கொண்டிருந்த லாரி, தெருவில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். கைப்பிடியில் தூக்குச் சட்டி. விரல்களிலும் நகக் கண்ணிலும் அலுமினியப் பொடியின் சாம்பல் மினுமினுப்பு. பட்டாசு ஆலைக்குப் போகிறவர் என்று சொல்லாமலே தெரிந்தது. லாரியைச் சுற்றிப் போவதற்காகச் சற்று வலப்பக்கம் திரும்பினார். பின்னால் ஆலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன். பிரேக் கிறீச்சிட்டது. ஹாரன் விடாமல் அலறியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெரிசு! வீட்டுல சொல்லிட்டு வந்திட்டியா?" என்று கத்தினான்.

பெரியவர் காலை ஊன்றி இறங்கினார். திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லாத குரலில், "சொல்லிட்டுத்தான் தம்பி வந்தேன். சாயங்காலம் வந்திருவேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

வேனுக்குள் இருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்களும் வீட்டில் அப்படித்தானே சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்? 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை மறந்தவர்கள் இந்த வட்டாரத்தில் கிடையாது. "ஏ தம்பி, பொறு, அண்ணாச்சி போகட்டும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே லாரியைக் கடந்து, பிறகு ஏறி மிதித்துப் போய்விட்டார்.

அரை மணி கழித்து அதே டிரைவர், நான் உட்கார்ந்திருந்த டீக்கடைக்கே வந்து சேர்ந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"எனக்கு அந்தப் பெரியவர் மேல என்ன சார் கோவம்? எட்டரைக்குள்ள ரெண்டு நடை அடிக்கணும். லேட்டானா அந்தப் பொம்பளையாளுகளைப் போர்மேன் பேசுவாரு. அவுக என்னைப் பேசுவாக. முதலாளி வேற வண்டி பார்த்துக்கிறேம்பாரு. நான் யாரைப் பேசுறது?"

அவன் சொன்னதை யோசித்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டாசு வேலை வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டியது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலை உண்டு. தனியார் பஸ்காரர்கள் கதையும் இதுவேதான். நிலையத்தில் டைம்கீப்பர், முன்னால் போகும் போட்டி வண்டி, வசூலைப் பொறுத்துப் படி. ஆகவே அவசரம் டிரைவருடையதன்று. மேலேயிருந்து ஒருவர் தலையில் இன்னொருவர் ஏற்றிக்கொண்டு வந்த மூட்டை அது. இறக்கி வைக்கக் கடைசியில் அகப்படுவது சைக்கிள்காரரின் தலை. அவருக்குக் கீழே யாரும் இல்லை.

இத்தனைக்கும் சைக்கிள்காரரால் நஷ்டமாகும் நேரம் எவ்வளவு? வகுப்பில் பையன்களுக்கு இதைக் கணக்காகவே கொடுத்தேன். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளின் பின்னால் ஒரு வேன் 60 மீட்டர் தூரம் பொறுத்துப் போனால் அதற்கு 18 விநாடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதே தூரத்துக்கு ஐந்தரை விநாடி போதும். ஆக நஷ்டம் பன்னிரண்டரை விநாடி. பெரியவரை வைவதற்கு அந்த டிரைவருக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

சைக்கிள்காரர்களிடம் பிசகே இல்லையென்று நான் வாதாட வரவில்லை. கை காட்டாமல் திரும்புவது, இருட்டில் விளக்கில்லாமல் வருவது, மூன்று பேர் வரிசையாகப் பேசிக்கொண்டு போவது, எல்லாம் உண்டு. நாற்கரச் சாலையில் எதிர்த்திசையில் வருகிறார்களே என்றால், நடுத்தடுப்பில் திறப்பு எங்கேயோ தள்ளியிருக்கிறது. மிதிக்கிறவன் கால் வலியைத்தான் பார்க்கிறான். எங்கள் மாணவ மாணவியரும் இதில் சேர்த்திதான். 2001-ஆம் வருஷத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்துப் பிற்பாடு மற்றவர்களுக்கும் விரிந்த சர்க்காரின் இலவசச் சைக்கிள் திட்டத்தால், பஸ் வராத கிராமத்துப் பெண்கள் மேல்வகுப்புக்கு வர முடிந்திருக்கிறது. அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டு ஊரையே வியக்க வைத்தார்கள். அவர்களுடைய பெண்கள் வயதிலிருப்பவர்கள் இப்போது சைக்கிளில் பள்ளிக்கு வருகிறார்கள். சைக்கிள் கொடுத்தாயிற்று, அதை ஓட்டுவதற்கு மூன்றடி அகலத்தில் சாலையோரம் கொடுக்கவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பிறர் உயிருக்கு அபாயம் வரும்படி கண்மூடித்தனமாக வண்டி ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் 279-ஆவது பிரிவில் விதித்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 281-ஆவது பிரிவு. எண் மாறிற்று, ஆயிரம் ரூபாய் மாறவில்லை. 1860-இல் ஆயிரம் ரூபாய்க்கு என்னென்ன வாங்கியிருக்கலாமென்று நேயர்களே யோசித்துப் பார்க்கட்டும். 2022-இல் இந்தியாவின் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாட்டுக்கு முதலிடம்: 64,105.

ஹாலந்து தேசத்தில் இன்றைக்குச் சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருப்பதைப் புகழ்கிறோம். அது அவர்கள் இயற்கைக் குணமன்று. 1971-ஆம் வருஷத்தில் ஒரே ஆண்டில் நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே சாலையில் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்து, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று போராடிய பிறகே பாதைகள் வந்தன. ஜெர்மனியில் 2020 முதல், ஊருக்குள் சைக்கிளைத் தாண்டுகிற மோட்டார் ஒன்றரை மீட்டராவது விலகிப் போக வேண்டும். ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர். எங்கள் ஆமத்தூர்ச் சாலையில் இரண்டு மீட்டர் விலகினால் எதிரே வரும் பஸ்ஸில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். விலகுவதற்கு முன் பொறுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டரை விநாடியைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி விடுகிற நேரத்தில் இப்போது உபாத்தியாயர்கள் இரண்டு பேர் மாறி மாறி வளைவில் நின்று கொள்கிறோம். கால் மணி நேரந்தான். முதல் வாரத்தில் வண்டிக்காரர்கள் எங்களையும் அதே கேள்வி கேட்டார்கள். ஒரு லாரிக்காரர் வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டு, "சார், நீங்களா? எட்டாம் வகுப்புல உங்ககிட்டத்தான் கணக்குப் படிச்சேன்" என்றார். சைக்கிள்கள் அத்தனையும் போகும் வரை என்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அன்றைக்கு எழுபதுக்கு மேல் சைக்கிள்கள் இருந்தன.