அருணாசலத்தின் அடிவாரத்துக் கள்ளி

திருவண்ணாமலையில் கிரிப் பிரதக்ஷிணம் செய்யும் அன்பர்கள் 14 கிலோ மீட்டரையும் சிகரத்தின் மேல் வைத்த கண் வாங்காமல் நடந்து விடுவார்கள். எட்டு லிங்கங்களும் தரிசனமாகும். பாறை இடுக்கில் நிற்கும் கள்ளியை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் கால்வலி பொறுக்காமல் ஒரு கல்லின்மீது உட்கார்ந்திராவிட்டால், நாமும் பார்த்திருக்க மாட்டோம்.

"இதுவும் சப்பாத்திக்கள்ளி ஜாதிதானே?" என்றார் உடன் வந்த நண்பர்.

அன்று. சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. வயல்களையெல்லாம் கவர்ந்துகொண்ட அதனை ஒழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியை வரவழைக்க வேண்டியிருந்தது. நம் முன் நின்றதோ சதுரக்கள்ளி. பட்டை பட்டையான தண்டு, விளிம்பில் இரட்டை இரட்டையாக முள், கீறினால் வெண்பால். சங்கப் புலவர்கள் பாலை வழியிலும் சுடுகாட்டிலும் கண்ட கள்ளி இந்த இனத்ததே.

இச்செடிக்குச் சாஸ்திரப் பெயர் கிடைத்த கதை விநோதமானது. ஆப்பிரிக்காவின் வட மேற்கே அட்லாஸ் மலைகளில், மழை அரிதான சரிவுகளில், பால் வடியும் ஒரு கள்ளி உண்டு. மாரிடேனியா தேசத்து அரசன் இரண்டாம் ஜூபா அதற்குத் தன் வைத்தியர் யூஃபோர்பஸின் பெயரைச் சூட்டினான். அதன் பிசின் பழங்கால வைத்தியத்தில் புகழ் பெற்றது. நம் கள்ளியோ, கொச்சியின் டச்சு அதிகாரி வான் ரீட் வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்' நூலில், தன் நாட்டுப் பெயருடனேயே படமாக அச்சேறியிருந்தது. 1753-இல் லின்னேயஸ் பெயரிட்டபோது, முன்னோர்களின் மருந்துக் கள்ளி இதுவே என்று எண்ணி, 'யூஃபோர்பியா ஆன்டிகோரம்', அதாவது 'பண்டையோரின் கள்ளி' என்றார். அட்லாஸ் கள்ளி வேறு என்று பிரித்து அதற்குத் தனிப் பெயர் வைத்தது 1863-இல்தான். அதற்குள் அந்நிய மலைச் செடியின் கீர்த்தி நம் வேலியோரச் செடியின் தலையில் ஏறிவிட்டது, இன்றும் இறங்கவில்லை!

இத்தகைய குழப்பத்தைத் தீர்ப்பதற்கே ஹெர்பேரியம் என்னும் உலர் தாவரக் களஞ்சியம் இருக்கிறது. 1853-இல் தொடங்கிய மதராஸ் ஹெர்பேரியம் இப்போது கோயமுத்தூரில் உள்ளது. செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, எந்த ஊர், எந்த நாள், எடுத்தவர் யார் என்று சீட்டு எழுதுவார்கள். எமக்கென்னவோ, செடியைக் காட்டிலும் சீட்டே பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் அதைப் படிக்கவும் சரித்திரம் தெரிய வேண்டும். இவ்வூர் ஒரு காலத்தில் தென்னாற்காட்டில் இருந்தது, பிறகு வடஆற்காடு, 1989 முதல் தனி மாவட்டம்.

கள்ளி விஷயத்தில் இன்னொரு சங்கடம். மல்லிகையைப் போல இது சாதுவாக உலராது. தாளுக்கிடையே வைத்தாலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். சில சமயம் அங்கேயே தளிர்க்கவும் செய்யும். தண்டைப் பிளந்து, சதையைச் சுரண்டி, கொதிநீரிலோ சாராயத்திலோ தோய்க்க வேண்டும். பால் கண்ணில் பட்டாலோ பெரும் ஆபத்து. ஆகவே சேகரிப்பவர்கள் மெல்ல நழுவிவிடுகிறார்கள்; எங்கும் கண்ணில் படும் சதைப்பற்றுச் செடிகளுக்கே களஞ்சியங்களில் ஏடுகள் குறைவு. காட்டுத் தீயினாலும், பின்னர் அன்பர்கள் நட்ட மரங்களாலும் முகம் மாறிவரும் இம்மலையில், எந்தச் சரிவில் கள்ளி நின்றது என்பதற்கு நாளை யார் சாட்சி சொல்வார்கள்?

இதையெல்லாம் கேட்ட நண்பர் உற்சாகமாக ஒரு கிளையை ஒடிக்கக் கை நீட்டினார். தடுத்துவிட்டோம். நாட்குறிப்பை எடுத்து, நாள், இடம், ஓர் ஆள் உயரம், மூன்று பட்டை, பூ இல்லை என்று எழுதிக்கொண்டு வருண லிங்கத்தை நோக்கி நடந்தோம்.