ஒரே கை

வாளும் தொப்பியும் வைத்த எலி ஒன்றை வரையச் சொல்லிப் பாருங்கள். மிட்ஜர்னியோ ஸ்டேபிள் டிஃப்யூஷனோ, நீங்கள் காப்பியை ஆற்றிக் குடிப்பதற்குள் அசத்தலாகப் போட்டுக் கொடுத்துவிடும். அதே எலி ஓடுகிற மாதிரி இன்னொரு படம் கேளுங்கள். தொப்பி நிறம் மாறியிருக்கும். வால் தடித்திருக்கும். முதல் எலிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி இருக்கும்.

ஒற்றைப் படம் என்றால் பரவாயில்லை. வீடியோ கேமுக்கு நாயகன், வில்லன், மரம், சாவி, புதையல் பெட்டி என்று நூற்றுக்கணக்கில் வேண்டும். எல்லாம் ஒரே கை வரைந்ததாகத் தெரியாவிட்டால், ஆடுகிறவனுக்குக் காரணம் புரியாது. 'என்னமோ ஒட்டல சார்' என்று மூடிவிட்டுப் போய்விடுவான்.

ஏன் இப்படி? பழைய டி.வி.யில் நிகழ்ச்சி முடிந்ததும் புள்ளி புள்ளியாக இரையுமே, நினைவிருக்கிறதா? இந்த மென்பொருள்கள் அப்படிப்பட்ட இரைச்சலில் ஆரம்பித்து, அதைப் படிப்படியாக நீக்கிப் படத்தைக் கொண்டுவருகின்றன. எந்த இரைச்சலில் ஆரம்பிப்பது என்பதை 'சீட்' என்ற ஓர் எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை மாற்றாமல் வைத்தாலும், நீங்கள் கேட்கும் வாக்கியத்தில் ஒரு வார்த்தை மாறினால் போதும், கோடும் வெளிச்சமும் சேர்ந்து நகர்ந்துவிடும். நேற்று வரைந்த எலி இன்றைக்கு அதற்கு ஞாபகம் இல்லை.

1950-ல் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' ஆரம்பித்து மூன்றரை வருஷம் ஓடியது. மணியத்தின் வந்தியத்தேவனை வாசகர்கள் பெயர் படிக்காமலே அடையாளம் கண்டார்கள். ஞாபகம் மணியத்தின் கையில் இருந்தது.

மெஷினுக்கு அந்த ஞாபகத்தை ஊட்ட ஒரு வழி, லோரா. 2021-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் மொழி மாடல்களுக்காகக் கொண்டுவந்த உத்தி; படத்துக்கும் பொருந்திவிட்டது. ஒரே பாணியில் இருபது முப்பது படம் கொடுத்துப் பழக்கினால் ஒரு சின்ன ஃபைல் கிடைக்கும். அதைப் பெரிய மாடலோடு சேர்த்து ஓட்டினால், எதைக் கேட்டாலும் ஏறக்குறைய அந்தப் பாணியில் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், சிநேகிதர்கள் இருவரோடு கேம் செய்கிறான். இருபது படம் தயார் என்றான்.

"யார் வரைஞ்சது?"

"நெட்ல எடுத்தது அங்கிள். ஒரே ஆர்ட்டிஸ்ட். சூப்பரா போடறார்."

"அவரைக் கேட்டியா?"

பதில் இல்லை. ஒருத்தர் வருஷக்கணக்கில் பழக்கிக்கொண்ட கோட்டை அவருக்கே தெரியாமல் ஒரு ராத்திரியில் உருவுவதை நான் திருட்டு என்பேன். சட்டம் என்ன சொல்கிறது என்று பல தேசத்துக் கோர்ட்டுகளில் வாதம் நடக்கிறது. ஆடுகிறவர்களும் கவனிக்கிறார்கள்: கேமில் ஏ.ஐ. படம் இருந்தால் சொல்லியாக வேண்டும் என்று 2024 ஜனவரியில் 'ஸ்டீம்' விதி கொண்டுவந்தது.

பையன் யோசித்தான். ஓவியக் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணிடம் இருபத்துநாலு படம் வரைந்து வாங்கினான். காசு கொடுத்து, எதற்கு என்று சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு.

அந்தப் பெண் படங்களோடு ஒரு தாளும் கொடுத்தாள். பதினாறே நிறம். கோட்டின் தடிமன் ஒன்றுதான். வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து. சுத்தக் கறுப்பு கூடவே கூடாது.

1983-ல் வந்த நிண்டெண்டோவின் ஃபாமிகாமில் ஒரு ஸ்ப்ரைட்டுக்கு மூன்றே நிறம்தான், மிச்சம் வெறும் கண்ணாடி. அந்த ஏழ்மையே படங்களுக்கு ஒரு குடும்பச் சாயலைக் கொடுத்துவிட்டது. இன்றைய மெஷினுக்கு நிறத்தில் பஞ்சமே இல்லை. பஞ்சத்தை நாம்தான் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

லோரா இருந்தும் மெஷின் அவ்வப்போது சித்தப்பாக்களை அனுப்புகிறதாம். பொறுக்குவதற்கு அந்தப் பெண்ணையே மாதச் சம்பளத்தில் வைத்திருக்கிறார்கள். அவள் சரி என்றால்தான் எலி கேமுக்குள் போகும்.