மிஸ்கீனின் கால்

சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு பள்ளியிலிருந்து நாம் திரும்பும்போது, வாசற்படியில் நம்மை எதிர்பார்த்து அமர்ந்திருப்பது மிஸ்கீனின் வழக்கம். மிஸ்கீன் என்பது நம் வீட்டுப் பூனை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழை இரவில், எலும்பும் தோலுமாக, நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து நின்ற குட்டிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் நமக்குத் தோன்றவில்லை. இன்று அது ஸகாத் வாங்கும் நிலையைக் கடந்து கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று நம் வீட்டார் கேலி செய்வதுண்டு.

அன்று வாசற்படி வெறிச்சென்றிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம், குரல் இல்லை. கிதாபுகள் அடுக்கிய அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தபோது இரண்டு கண்கள் மட்டும் மின்னின. மீன் துண்டொன்றைக் காட்டி அழைத்த பிறகே வெளியே வந்தது. வந்த விதம் நம்மைத் திடுக்கிட வைத்தது. முன் வலக்காலை மார்போடு மடக்கிக்கொண்டு, மற்ற மூன்று கால்களால் கெந்திக் கெந்தி வந்தது, மீனை முகர்ந்தது, தின்னாமலே திரும்பிப் போயிற்று.

இந்த நடைக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! நொண்டுதல், கெந்துதல், தாங்கி நடத்தல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவைச் சொல்லும். காலைச் சற்றே ஊன்றி உடனே எடுத்தால் அது தாங்குதல். ஊன்றவே மாட்டேனென்றால் கெந்துதல். அரபியில் நொண்டுவதற்கும் மேலே ஏறுவதற்கும் ஐன், ரா, ஜீம் என்னும் அதே மூன்று எழுத்துகள்தாம் வேர். கால் முடமானவரை அஃரஜ் என்போம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் விண்ணேற்றத்தை மிஃராஜ் என்போம். மாணவர்களுக்கு இதைச் சொல்லி வியக்கவைப்பது நமக்குப் பிடித்தமான காரியம். ஆயினும் வீட்டிலொரு வாயில்லாப் பிராணி மூன்று காலில் நிற்கும்போது சொல்லாராய்ச்சி என்ன உதவும் என்று வாசகர் கேட்கலாம். பிறகு அது சிறிது உதவத்தான் செய்தது. அதைப் பின்னால் சொல்வோம்.

பாதத்தில் முள் ஏதும் தைத்திருக்குமோ என்று நம் மகள் அதன் காலைப் பிடித்துப் பார்க்க முனைந்தாள். வலி கண்ட பூனை வளர்த்தவரை அறியுமா? அவள் மணிக்கட்டில் கோடு போட்டாற்போல் ஒரு கீறல் விழுந்தது. இரத்தம் வரவில்லை. “விடு, பிறகு பார்க்கலாம்” என்று அவளைத் தடுத்துவிட்டு நாம் மக்தபுக்குப் புறப்பட்டோம். புறப்படும்போதே நம் உள்ளம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நாம் எழுத வந்தது அந்த முடிவைப் பற்றித்தான்.

காலை மக்தபில் நம்மிடம் ஓதும் பிள்ளைகளில் ஒருவன் அடுத்த தெருவில் இருக்கிறான். பதினொரு வயது. வாப்பா வளைகுடாவில், வீட்டில் உம்மாவும் பாட்டியாரும் மட்டும். துடியான பையன். இரண்டு நாட்களுக்கு முன் நம் கொல்லைச் சுவருக்கு அப்பால், மாமரத்தடியில், கையில் உண்டிவில்லோடு அவன் நின்றதை நாம் பார்த்திருந்தோம். மிஸ்கீன் அந்தச் சுவரின்மீது உலாவுவது ஊரறிந்த செய்தி. உண்டிவில் ஒன்று, சுவர் ஒன்று, முடமான கால் ஒன்று. மூன்றையும் கூட்டினால் வரும் தொகை நமக்குத் தெளிவாகவே தெரிந்தது.

முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்த இடத்தில் அவனை எழுப்பி நிறுத்தினோம்.

“பூனையை ஏன் அடித்தாய்?”

“நான் அடிக்கலை, ஹஜ்ரத்.”

“உன் பையில் என்ன இருக்கிறது?”

அவன் பேசாமல் உண்டிவில்லை எடுத்து நீட்டினான். அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டோம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி போடாமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸைப் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொன்னோம். சொல்லும்போது நம் கண் அவன்மீதே இருந்தது. மற்றப் பிள்ளைகளின் கண்களும் அப்படியே. பாடம் முடியும்வரை அவன் நின்றான். அழவில்லை, அதையும் அப்போது திமிர் என்றே எடுத்துக்கொண்டோம்.

பகல் முழுவதும் மிஸ்கீன் உண்ணவில்லை. மாலையில் நம் கைவைத்தியம் தொடங்கியது. காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை வீட்டில் எப்போதும் இருக்கும். மனிதனுக்கு ஒன்றென்றால் பூனைக்குப் பாதி என்று கணக்கிட்டு, பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து வைத்தோம். மிஸ்கீன் கெந்தி வந்து முகர்ந்தது; மீசையைச் சிலிர்த்தது; முகத்தைத் திருப்பிக்கொண்டது. “நன்மை செய்தாலும் அறியாத ஜன்மம்” என்று சலித்துக்கொண்டு பாலைக் கீழே கொட்டினோம்.

மறுநாள் காலையில் மக்தபைத் துணை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, மிஸ்கீனைத் துண்டில் சுற்றிப் பிரம்புக் கூடையில் வைத்து மூடி, அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மகளும் கூட வந்தாள். நம் ஊரார் அதை மாட்டாஸ்பத்திரி என்றே சொல்வர். சினைமாடு ஒன்றும், வயிறு உப்பிய ஆடுகள் சிலவும், கோழிக்கூடையோடு ஒரு மூதாட்டியும் அங்கே முன்னரே காத்திருந்தனர். தாடியும் தொப்பியுமாகக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாம் அமர்ந்திருந்ததைக் கண்ட ஆட்டுக்காரர் ஒருவர், “ஹஜ்ரத், குர்பானிக்கு இன்னும் நாள் இருக்கிறதே?” என்றார். கூடைக்குள்ளிருந்து மிஸ்கீன் பதில் சொல்லிற்று. எல்லாரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம்.

பூனைக்காக மாட்டாஸ்பத்திரிக்குப் போவதா என்று எண்ணுவோருக்கு ஒரு சொல். ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் நஃபகாப் பகுதி மனைவி மக்களோடு முடிந்துவிடுவதில்லை. வளர்க்கும் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவன்மீது கடமை என்பது வரை அது செல்கிறது. கப்ஷா அம்மையார் அறிவிக்கும் ஹதீஸ் பலரும் அறிந்தது. அவருடைய மாமனார் அபூகதாதா (ரலி) அவர்கள், தமக்கு உளூச் செய்ய வைத்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபிகளார் (ஸல்) கூறியதை எடுத்துரைத்தார்கள். ஹிஜ்ரி 808இல் மறைந்த தமீரீ (ரஹ்) பிராணிகளைப் பற்றி அகரவரிசையில் எழுதிய ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலில் பூனைக்கும் இடம் உண்டு. உறங்கும் பூனையை எழுப்ப மனமின்றி அங்கியின் கையை வெட்டிக்கொண்ட நிகழ்ச்சியை மட்டும் சிலர் நபிகளாருக்கு ஏற்றிச் சொல்கிறார்கள். அது ஷைகு அஹ்மது ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லப்படுவது. ஹதீஸ் என்று மேடையில் முழங்குவோர் கவனிக்க வேண்டும்.

மருத்துவர் இளவயதுப் பெண்மணி. முதலில் அவர் கேட்ட கேள்வி: “காலைக் கொஞ்சமாவது ஊன்றுகிறதா, ஊன்றவே இல்லையா?” கெந்துகிறது, தாங்கவில்லை என்றோம். அவர் முகம் மலர்ந்தது. பலர் ‘நொண்டுகிறது’ என்பதோடு நிறுத்திவிடுவார்களாம். ஊன்றவே மறுக்கும் கால் என்றால் எலும்பு முறிவு, மூட்டு நழுவல், உள்ளே சீழ் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். பின்னங்கால்கள் இரண்டும் திடீரெனச் செயலிழந்து, பாதங்கள் சில்லிட்டுப் பூனை அலறினால், இரத்தக்கட்டி குழாயை அடைத்திருக்கலாம். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது என்றும் சொன்னார்.

பாதத்திலிருந்து தொடங்கினார். விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு, முழங்கை என்று மேலே மேலே விரல்களால் தடவிக்கொண்டு போனார். நல்ல காலையும் அதே விதமாகத் தடவி இரண்டையும் ஒப்பிட்டார். தோளுக்குக் கீழே கை வந்ததும் மிஸ்கீன் சீறியது. அவ்விடத்தில் மயிரை மழித்தார். எலுமிச்சம்பழ அளவில் வீக்கம். அதன்மேல் ஊசியால் குத்தியதுபோல் இரண்டு சிறு புள்ளிகள். காய்ச்சல் 104 டிகிரி, பூனைக்கு 102.5 வரை இயல்பாம்.

“கல்லடியா, அம்மா?” என்றோம்.

“இல்லை, ஐயா. இது பல். வேறொரு கடுவன் கடித்திருக்கிறது. கோரைப்பல் மெலிதாக இறங்கும். மேல்தோல் உடனே மூடிக்கொள்ளும். கிருமி உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். கடித்து மூன்று நாளாவது ஆகியிருக்கும். இரவில் சண்டைச் சத்தம் கேட்கவில்லையா?”

கேட்டிருந்தோம். மூன்று இரவுகளுக்கு முன் தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது மொட்டைமாடியில் இரண்டு பூனைகள் குழந்தைகள் அழுவதுபோல் கத்திக் கட்டிப் புரண்டன. தொழுகைக்கு இடைஞ்சலாயிருக்கிறதென்று கையைத் தட்டி விரட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தியவர் நாம்தாம். உண்டிவில்லைக் கண்ட கண்ணை நம்பினோம். சண்டையைக் கேட்ட காதை மறந்தோம். ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை, எண்ணங்களில் சில பாவமாகிவிடும் என்னும் எச்சரிக்கையை, இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கி வரும் வாய் இது.

மயக்கம் கொடுத்துச் சீழை வடித்து, உப்புநீரால் கழுவி, ஊசி போட்டு, ஏழு நாளைக்கு மருந்து எழுதினார். நாமாக ஏதும் கொடுத்தோமா என்று கேட்டார். பாரசிட்டமாலைச் சொன்னோம். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“குடித்ததா?”

“இல்லை; முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.”

“பிழைத்தது, ஐயா!” என்றார். மனிதனின் ஈரல் அம்மருந்தை முறித்து வெளியேற்றும். பூனையின் ஈரலுக்கு அந்த ஆற்றல் போதாது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்க முடியாமற் போகும். ஈறு பழுப்பாகும், நீலமாகும். பாதி மாத்திரையே உயிரைக் கொண்டுபோகப் போதுமானது. நாம் உண்ணும் வேறெந்த வலி மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கலாகாது என்று நம் மகளைப் பார்த்துச் சொன்னார்; நம்மைப் பார்த்துச் சொல்ல அவருக்குக் கூச்சம் போலும். அவ்வேளையில்தான் அவள் மணிக்கட்டைக் கண்டார். சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவச் செய்து, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். வெறிநோய்த் தடுப்பூசிக்கு முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள் என்று சீட்டு எழுதித் தந்தார்கள்.

இன்னொன்றும் மருத்துவர் சொன்னார்: காயடித்துவிட்டால் சண்டைக்குப் போவது குறையுமாம். உண்ணப்படாத பிராணிக்கு அதை நம் மத்ஹப் அனுமதிப்பதில்லை. பயன் கருதினால் ஹனஃபீகளிடம் தடையில்லை. “பார்த்துச் சொல்கிறோம்” என்று வந்தோம். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வீடு திரும்பும் வழியில் நெஞ்சை உறுத்தியது பையனின் விஷயம். அல்லாஹ்வுக்குச் செய்த குறைக்கு அல்லாஹ்விடம் அழலாம். அடியானுக்குச் செய்த குறைக்கு அந்த அடியானிடமே போக வேண்டும். அஸருக்குப் பின் அவன் வீட்டுக்குப் போய், உம்மாவிடமும் பாட்டியாரிடமும் ஒரு சொல் சொல்லி, அவனைத் தட்டிக்கொடுத்து, கையில் ஏதேனும் தின்பண்டம் கொடுத்துவிட்டு வரலாம் என்று எண்ணினோம். மகளிடமும் சொன்னோம். அவள் கூடையை மடியில் வைத்தபடி கேட்டாள்:

“நீங்கள் அவனை நிற்க வைத்தது எங்கே, வாப்பா?”

அதற்குமேல் நாம் பேசவில்லை.

மறுநாள் மக்தபில் பாடம் தொடங்கும் முன், அதே இடத்தில், நாம் எழுந்து நின்றோம். பூனையை அவன் அடிக்கவில்லை, கடுவன் கடித்தது, விசாரியாமல் அவன்மீது பழி போட்டது நம் குற்றம், எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று சொன்னோம். சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முன்னாள் மக்தபுக்குப் போகாமல் கால்நடை மருத்துவமனைக்குப் போனதில் உள்ளூர ஒரு நிம்மதி இருந்ததையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலை குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“மன்னித்தாயா?” என்று கேட்டோம்.

“மிஸ்கீனுக்கு இப்போ எப்படி இருக்கு, ஹஜ்ரத்?” என்றான்.

“நேற்று கெந்தியது. இன்று தாங்கி நடக்கிறது.”

சற்றுநேரம் யோசித்தான். பிறகு மேசையைப் பார்த்தான். நாம் இழுப்பறையைத் திறந்து உண்டிவில்லை எடுத்து அவன் கையில் கொடுத்தோம். ரப்பர் அறுந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்து ஓதத் தொடங்கினான்.