சத்தம் கூடாத சனிக்கிழமை

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முதல் பூசணிக்காய் என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்தே அந்த வருஷம் நாங்கள் தேக்கடிக்குப் போவோமா மாட்டோமா என்று சொல்லிவிடலாம். வண்டிப்பெரியாற்றில் தோட்டத் தொழிலாளிகளின் தமிழ்ச் சபை எங்களுடையது. கொழுந்துக் கூலியில் பிழைப்பவர்கள், தாங்களே கொண்டுவந்து வைத்த கோழியைத் தாங்களே பத்து மடங்கு விலைக்கு ஏலம் எடுப்பார்கள். அந்தப் பணத்தில் கொஞ்சம் வாலிபர் சங்கத்துக்கு வரும். அதுதான் மூங்கில் தெப்பத்துக்குச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இருப்பதால் சனிக்கிழமைதான் போக முடியும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்குப் போகாமல் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு.

பெரியாறு புலிகள் காப்பகத்தில் தெப்பப் பயணம் என்றால் முதலில் நடைதான். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை துணிச் சாக்ஸ் கட்டிவிடுவார்கள். காட்டுக்குள் நடந்து, ஏரியின் ஒரு கையில் கட்டிப் போட்டிருக்கும் தெப்பத்தில் ஏறித் துடுப்பைக் கையில் வாங்கும்போதுதான் எங்களுக்குப் பயணம் தொடங்கியதாகத் தோன்றும். வழிகாட்டிகளாக வந்தவர்களில் சிலர் ஒருகாலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயண மரப்பட்டை உரித்து விற்றவர்கள். வழக்குகளோடு அலைந்தவர்களை வனத்துறை 1990களின் பிற்பகுதியில் கூப்பிட்டுக் காவலுக்கும் சுற்றுலாவுக்கும் பழக்கியது. மனந்திரும்புதலைப் பற்றி எங்கள் சபை ஐயர் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறார். அதைத் துடுப்போடு பார்த்தது அங்கேதான். மனந்திரும்பியவருக்கு மாதச் சம்பளமும் வேண்டும் என்பதை மட்டும் பிரசங்கத்தில் யாரும் சொன்னதில்லை.

ஐயர் கரையிலேயே ஜெபித்து முடித்துவிட வேண்டும். தெப்பம் நகர்ந்த பிறகு சத்தம் கூடாது என்பது துப்பாக்கியோடு கூட வரும் காவலரின் கண்டிப்பு. கஞ்சிராவைக் கரையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார். கன்வென்ஷன் கூட்டத்தில் தொண்டை கட்டுமளவுக்குப் பாடும் எங்களுக்கு அது பெரிய தண்டனை. வாயை மூடிக்கொண்டு ராகத்தை மட்டும் முனகுவோம். உபதேசியாரால் அதுவும் முடியாது. நீர்நாய்க் கூட்டம் ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு மேலே வந்தபோது, காதோடு சொல்வதாக நினைத்து ஓர் அல்லேலூயா போட்டார். அத்தனையும் முங்கிவிட்டன. காவலர் அவரைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

1895இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடித்தபோது முங்கிய காடு அந்த ஏரி. மரங்கள் செத்துக் கறுத்து, நூறு வருஷம் தாண்டியும் தண்ணீருக்குள் நிற்கின்றன. உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து துடுப்புப் போடுவதில் இருந்த சுகம், பிறகு வந்த எந்த விடுமுறையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. மத்தியானம் ஒரு மேட்டில் ஒதுங்கிச் சாப்பிடுவோம். கப்பையும் காந்தாரிச் சம்மந்தியும் கொண்டுபோவதில் எங்களுக்குள் போட்டியே நடக்கும். நீந்தத் தெரியாத ஒருவனைப் பிடித்துப் பேதுருவாக்கி, இறங்கி நடந்து காட்டச் சொல்லும் கேலிக்கும் குறைவிருக்காது.

ஏரியில் இருக்கும்போது அணையைப் பற்றி யாரும் பேசமாட்டோம். பேசினால் வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். திருவிதாங்கூர் 1886இல் 999 வருஷக் குத்தகைக்கு விட்ட தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறது. என் தாய்மாமன் அங்கே இருபோகம் நெல் போடுகிறார். எங்கள் வீடோ அணைக்குக் கீழே, ஆற்றோரத்தில். வருஷத்தில் பெரும்பகுதி பாறை தெரியக் கிடக்கும் ஆறு, மதகு திறந்தால் முற்றத்துக்கு வந்துவிடும். மலையாள ஆராதனைக்கு வரும் பையன்களும் எங்களோடு அதே தெப்பத்தில்தான் இருந்தார்கள். இடது வலது என்று துடுப்புக் கணக்குச் சொன்னதெல்லாம் அவர்கள்தான், எங்களுக்குத் தாளம் தப்பும்.

2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். அது மாடிப்படகு, எங்களுடையது தண்ணீரை ஒட்டிக் கிடக்கும் மூங்கில் என்று சொன்னால் எந்தத் தாய் கேட்பாள்? 2011 கடைசியில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே அணைப் பிரச்சினை வெடித்தது. குமுளி எல்லை அடைபட்டது. இடுக்கியிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கின. பீருமேட்டில் தோட்டங்கள் பல 2000ஐ ஒட்டியே மூடத் தொடங்கிவிட்டன. எங்களுடையதும் கூலி பாக்கியோடு இழுத்துக்கொண்டு கிடந்தது. நான் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். இங்கேயும் நொய்யல் என்று ஓர் ஆறு இருக்கிறது. காலை நனைக்க மனம் வராத ஆறு.

திருப்பூர்ச் சபையிலும் வாலிபர் சங்கம் உண்டு. வருஷம் ஒருமுறை பஸ் பிடித்து வாட்டர் பார்க் போகிறார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு அதிர்கிறது, தடுக்க ஆளில்லை. எனக்கு ஒருமணி நேரத்தில் தலை வலித்துவிடுகிறது.

காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் அணை நீர்மட்டத்தைத்தான் தேடுகிறேன். ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்க மட்டம் ஏற வேண்டும், ஜெபித்துக்கொள் மாப்பிள்ளை என்பார் மாமா. அடைமழையில் 140 அடியைத் தொட்டால், இதற்குமேல் ஏறக்கூடாது, ஜெபம் பண்ணப்பா என்று அம்மா கூப்பிடுவாள். இரண்டு பேரிடமும் சரி என்றுதான் சொல்கிறேன்.