‘மெதுவா வராதேங்கோ சேர்’



இது ஒரு மோட்டார் சைக்கிள் கதை. கொஞ்சம் நீளம். பைக் வைத்திருக்கும் தம்பிமாரும், அவர்களுக்கு பைக் வாங்கிக் கொடுத்த பெற்றோரும் கடைசி வரை வாசித்தால் சந்தோஷம். பிழை செய்தவன் நான்தான். அதனால் யாரும் கோபிக்கத் தேவையில்லை.

போன வருடம் ஒரு பழைய 150 சீசீ பைக் வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக்கின் விலை எங்கே போய் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் சம்பளத்தில் லோன் எடுத்துத்தான் வாங்கினேன். வார நாட்களில் பாடசாலைக்கும் மல்லாவிக்கும் ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் மாங்குளம் சந்தியில் ஏறி வவுனியாவுக்கு வீட்டுக்குப் போகவேண்டும். அதற்கு அது போதும்.

வாங்கும்போதே சைலன்சரின் அடியில் துரு தின்ற சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. தகடு வைத்து ஒட்டியிருக்கலாம். ஆனால் முப்பத்து நாலு வயதிலும் எனக்கு ஒரு ஆசை இருந்தது. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் கூட்டாளி ஒருவனின் பைக் போகும்போது அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் எனக்கு ஆசை. ஓட்டையைச் சாட்டாக வைத்து, உள்ளே தடுப்பே இல்லாத ஒரு நேர் பைப்பை வாங்கிப் பூட்டினேன். கடைக்காரர் “பவர் கூடும்” என்றார். நானும் நம்பினேன்.

முதல் கிழமை ராசா மாதிரி ஓடினேன். இரண்டாவது கிழமை குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அக்சிலேற்றரைப் பாதி திருப்பும்போது பைக் ஒரு கணம் மூச்சுத் திணறிப் பிறகுதான் இழுத்தது. எஞ்சின் சூடு காலில் சுட்டது. அக்சிலேற்றரை விட்டால் பைப்புக்குள் ‘பட் பட் படார்’ என்று வெடித்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வெடியையும் ரசித்தேன். பெரிய பந்தய பைக் ஓடுகிற நினைப்பு.

ஒரு நாள் இடைவேளையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. என்ன என்று கேட்டேன்.

“சேர், எங்கட வீட்டடியால வரேக்க மெதுவா வராதேங்கோ சேர்.”

எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் மெதுவாகப் போகச் சொல்வார்கள். இந்தப் பிள்ளை மெதுவாக வர வேண்டாம் என்கிறதே?

“வளைவில நீங்க மெதுவாக்கேக்கதான் சேர் வெடிக்குது. வேகமாப் போனா வெடிக்காது. அம்மம்மா அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ போயிடுறா. பிறகு வெளியால கூப்பிடேலாது.”

அவ்வளவுதான் சொன்னாள். என்னைக் குறை சொல்லவில்லை. தன் அம்மம்மாவுக்காக ஒரு உதவி கேட்டாள்.

துணுக்காய் சனங்கள் 2008இல் கிழக்குப் பக்கமாக இடம்பெயர்ந்து, 2009 மே வரைக்கும் எங்கெங்கே பதுங்கு குழி வெட்டினார்கள் என்பதை இந்த ஊரவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வந்த நாள் முதல் நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டும் அந்த பைப்பைப் பூட்டினேன் என்பதுதான் வெட்கம்.

அன்று இரவு என் உம்மாவை நினைத்தேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருவில் அறிவித்துக்கொண்டு வந்ததையும், இரண்டு மணித்தியாலத்துக்குள் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டதையும் உம்மா அடிக்கடி பேசமாட்டா. நான் அதற்குப் பிறகு புத்தளத்தில் பிறந்தவன். ஆனால் இன்றைக்கும் லொத்தர் விற்கிற வாகனம் மைக்கில் கத்திக்கொண்டு வந்தால், அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பா. என்ன சொல்கிறார்கள் என்று முழுக்கக் கேட்ட பிறகுதான் உள்ளே போவா. அந்த லொத்தர்காரன் ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனாலும் உம்மாவின் கை நடுங்கும்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு நமக்குத் தெரிந்த கராஜ் அண்ணையிடம் பைக்கைக் கொண்டுபோனேன். அவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

“சேர், நல்லா எரியிற எஞ்சினுக்குப் பிளக் பிஸ்கட் நிறத்தில இருக்கும். கறுத்துக் கரி பிடிச்சா பெற்றோல் கூட. இப்பிடி வெளிறினா காத்துக் கூட.”

பிறகு காரணத்தை ஒவ்வொன்றாக எடுத்தார். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் காட்டிக் கிழமைக்கு நாலு லீற்றர் அடித்தோமே, அப்போது பலர் வந்து மைலேஜ் கூட்டித் தரச் சொன்னார்களாம். பெற்றோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். என் பைக்கின் பழைய சொந்தக்காரரும் அப்படித்தான் வைத்திருக்கிறார். அதன் மேல் நான் நேர் பைப்பைப் பூட்டியதும் புகை லேசாக வெளியேறிக் காற்று இன்னும் கூடிவிட்டது. போதாததற்குப் பைப்பும் எஞ்சினும் சேரும் இடத்தில் பழைய கஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள். அதால் வெளிக்காற்று உள்ளே போகிறது.

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். நல்ல இழுவைக்குப் பெற்றோல் அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். காற்று மிஞ்சினால், அக்சிலேற்றரை விடும்போது கலவை சிலிண்டருக்குள் பற்றாமல் தவறுகிறது. எரியாத பெற்றோல் ஆவி சூடான பைப்புக்குள் போகிறது. கஸ்கெட் வழியாக வந்த காற்றோடு சேர்ந்து அங்கே பற்றுகிறது. அதுதான் அந்த ‘படார்’. பவர் இல்லை. வீணாகிற என் சம்பளக் காசு.

“சைலன்சர் சத்தத்தை மூடுற தகரம் மட்டும் இல்லை சேர். அதையும் சேர்த்துத்தான் எஞ்சினைக் கணக்குப் பண்ணியிருக்கிறாங்கள். அதை மாத்தினா காபரேட்டரையும் மாத்தோணும்.”

அன்று அவர் செய்ததை எழுதுகிறேன். யாருக்கும் உதவும். புது கஸ்கெட் போட்டார். காபரேட்டரைக் கழுவி, மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினார். அது அக்சிலேற்றரை முழுக்கத் திருப்பும்போது வேலை செய்வது. நடு ஓட்டத்துக்கு ஊசி. அதன் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கினார். அப்போது ஊசி மேலே எழும்பிப் பெற்றோல் கூட வரும். பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங்குக்கு மிக்சர் ஸ்குரூவை மெல்ல மெல்லத் திருப்பி, எஞ்சின் ஒரே சீராக ஓடுகிற இடத்தில் விட்டார். அந்த ஸ்குரூ எயார் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருப்பப் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத்தான் கூடும். இது தெரியாமல்தான் பலர் வீட்டில் திருப்பிக் கெடுக்கிறார்களாம்.

வேலை செய்துகொண்டே பழைய கதை சொன்னார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சின்னப் பெடியனாகத் தொழில் பழகியவர். 2002இல் ஏ9 பாதை திறக்கும் வரை வன்னியில் பெற்றோல் என்பது மருந்து மாதிரி. சின்னப் போத்தலில் கொஞ்சம் வைத்திருந்து, அதை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்களாம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டால் திரும்பவும் பெற்றோல் வேண்டும். அதனால் கடை வாசலிலும் நிறுத்தாமலே வைத்திருப்பார்கள். வெள்ளைப் புகை, கண் எரிச்சல், ஏற்றத்தில் எஞ்சின் தட்டுகிற சத்தம்.

“அந்தப் புகையையும் சத்தத்தையும் ஒருத்தரும் குறை சொல்லேல்லை சேர். அந்த பைக்கில ஒரு நோயாளியோ, பிள்ளைப்பெறுக்குப் போற பொம்பிளையோ இருக்கும். இண்டைக்குப் பெற்றோல் இருக்கு, சைலன்சரும் இருக்கு. உந்தச் சத்தம் ஆருக்குச் சேர்?”

நான் பதில் சொல்லவில்லை.

ஓடிப் பார்த்தேன். வெடி நின்றுவிட்டது. திணறலும் இல்லை. பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

“இப்ப வெடிக்கேல்லை சேர். ஆனா நீங்க வாறது தூரத்திலயே கேக்குது. கேட்ட உடனயே அம்மம்மா உள்ளுக்குப் போயிடுவா.”

அதுதான் நான் யோசிக்காதது. பைக்கைத் திருத்திவிட்டேன். ஆனால் அந்த வயோதிபத் தாய்க்கு வெடிப்பது மட்டும் பயமில்லை. வெடிக்கப் போகிறது என்று காத்திருப்பதும் பயம். என் எஞ்சின் சீராக ஓடுகிறதா என்பது அவவுக்கு எதற்கு?

அன்றே திரும்பவும் கராஜுக்குப் போனேன். நல்லவேளை, பழைய சைலன்சரை அண்ணை எறியாமல் ஒரு மூலையில் வைத்திருந்தார். துருவை வெட்டி எடுத்து, தகடு வைத்து வெல்டிங் பண்ணிப் பூட்டினார். பைப்புக்காகப் பெரிதாக்கிய ஜெட்டையும் இறக்கிய கிளிப்பையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். இல்லாவிட்டால் இப்போது பெற்றோல் கூடிப் பிளக் கறுக்கும். ஐட்லிங்கையும் திரும்பப் பார்த்தார். இரண்டு முறை கூலி, ஜெட், கஸ்கெட், பைப் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அந்தக் காசுக்கு நல்லதாக ஒரு தலைக்கவசமே வாங்கியிருக்கலாம்.

பைப்பைத் தரச் சொல்லி உயர்தர வகுப்புப் பெடியன் ஒருவன் கேட்டான். “சேர், சும்மாதானே கிடக்குது.” கொடுக்கவில்லை. என் தவறை அவனுடைய பைக்கில் பூட்டிவிட்டால் நான் திருந்தியதாகுமா? அண்ணை அதை இரண்டாக அறுத்து இரும்புக் குவியலில் போட்டார்.

பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும் ஈமானில் ஒரு பகுதி என்று மத்ரஸாவில் படித்தவன் நான். இரண்டு மாதம் அந்த முள்ளை நானே தெருத்தெருவாகக் கொண்டு திரிந்திருக்கிறேன்.

தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். பைக்கில் ஆசை வைப்பது பிழையில்லை. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், காபரேட்டரைப் பழகுங்கள், நல்ல தொழில் அது. பைக் உண்மையில் நன்றாக இழுக்க வேண்டுமென்றால் எயார் ஃபில்டரைத் துப்புரவாக வையுங்கள், கஸ்கெட்டைப் பாருங்கள், கலவையைச் சரியாக வையுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள். சைலன்சரை மட்டும் தொடாதீர்கள். பொலிஸ் பிடிக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள் அல்லது அப்போது கைக்குழந்தைகள். நீங்கள் போகிற வீதியில் எந்த வீட்டில் யார் கட்டிலுக்குக் கீழே போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு பிள்ளை வந்து சொன்னபடியால்தான் தெரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை அந்த வளைவால் வந்தேன். அம்மம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. நான் மெதுவாக்கினேன். அவ நிமிரவில்லை, தொடர்ந்து கூட்டிக்கொண்டே இருந்தா.