குளிர் செய்யும் கைகள்

கொம்பனித்தெருவுக்கும் குளிருக்கும் உள்ள தொடர்பு நேற்று இன்று ஏற்பட்டதன்று. 1866ஆம் ஆண்டு தோன்றிய கொழும்பு ஐஸ் கொம்பனியின் வழிவந்த நிறுவனம், 1941இல் சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ் எனப் பெயர்பெற்று, நெடுங்காலம் இங்குள்ள கிளெனி வீதியிலே இயங்கியது. யானைச் சின்னச் சோடாவை அறியாத கொழும்புவாசி இருத்தல் அரிது. தொழிற்சாலை பின்னர் ரணாலைக்குப் பெயர்ந்தது. அந்நிலத்தில் இன்று வானளாவிய விடுதி எழுந்துள்ளது.

அவ்விடுதியின் நிழல் விழும் ஒழுங்கைகளுள் ஒன்றில், ஏசியும் பிரிட்ஜும் திருத்தும் ஒருவர் வாழ்கிறார். அயலார் அவரைப் 'பாஸ்' என்றே அழைப்பர். தமிழ், சிங்களம், மலாய் எனப் பல மொழிகள் கலந்தொலிக்கும் அவ்வொழுங்கையில் அச்சொல் ஒன்றே எல்லோருக்கும் போதுமானது. குளிரை ஒருவரும் உண்டாக்குவதில்லை, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே தம் வேலை என்பார் அவர். பௌதிகவியல் விரிவுரையாளர் இதனை மறுக்கமாட்டார். ஆயின் நான்காம் மாடிச் சுவரின் வெளிப்புறத்தே ஒரு காலை மட்டும் ஊன்றி நின்று, செப்புக் குழாய்க்குப் பற்றாசு வைப்பது விரிவுரை மண்டபத்தில் கற்கக்கூடியதன்று.

இளமையில் அவர் பழைய பிரிட்ஜ்களைத் திறந்தபோது, ஆர் 12 என்னும் வாயு 'உஸ்' என்று வெளியேறும். எவரும் அதனைப் பொருட்படுத்தியதில்லை. அத்தகைய வாயுக்களிலிருந்து பிரியும் குளோரின் ஓசோன் படையை அழிக்கக்கூடும் என 1974இல் மொலினாவும் ரோலண்டும் எழுதியிருந்தனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1989 டிசெம்பரில் இலங்கையும் அதில் இணைந்தது. பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பிலே இச்செய்தியைக் கேட்டபோது, தாம் திறந்துவிட்ட பிரிட்ஜ்களின் எண்ணிக்கையை அவர் மனத்துள் கூட்டிப் பார்த்தாராம். கணக்கு முடியவில்லை.

ஆர் 12க்குப் பின் ஆர் 22இன் முறை வந்தது. அதுவும் கட்டுப்பாட்டுக்குட்பட்டு விலையேறியது. மாற்றாகப் புரொப்பேனை அடைப்போர் தோன்றினர். விலை குறைவு, பாதி நிறைகூட வேண்டியதில்லை, குளிரும் நன்றாகவே வரும். குறை ஒன்றே: அது தீப்பற்றும். கசிந்தால் காற்றிலும் பாரமான அவ்வாயு மணமின்றித் தரையோரம் தங்கும். அதற்கெனவே செய்யப்பட்ட இயந்திரங்களில் இவ்வபாயம் முன்கூட்டியே எண்ணப்பட்டிருக்கும். பழைய இயந்திரங்களில் அவ்வாறில்லை.

ஒரு சித்திரை மாதத்தில் அவரை ஒரு வீட்டிற்கு அழைத்தனர். சாளரங்கள் அடைத்த அறை. கட்டிலில் நோயுற்ற மூதாட்டி. சுவரில் ஆர் 22 இயந்திரம்.

"மலிவான காஸை அடிச்சு விடுங்கோ பாஸ். அம்மாவுக்கு இந்தப் புழுக்கம் தாங்காது," என்றான் மகன்.

"இந்த மெஷின் அதற்குச் செய்ததில்லை, தம்பி. அம்மா படுக்கிற அறையில் நான் அதைச் செய்யமாட்டேன்."

கசிவை அடைத்து உரிய வாயுவை நிரப்ப ஆகும் தொகையைக் கூறினார். மகன் வாய்திறவாது நின்றான். பாஸ் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு, வந்த கூலியும் பெறாது திரும்பினார். அவ்வாரக் கடைக்கணக்கை அதனால் தீர்க்க இயலவில்லை என்பதையும் இங்குச் சொல்லவேண்டும்.

இரு நாள் கழித்து அவ்வழியே சென்றபோது அவ்வியந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எவரோ வந்து ஏதோ நிரப்பியுள்ளனர். எதனை நிரப்பினர் என்று வெளியிலிருந்து அறிய வழியில்லை. மேலே சென்று கேட்கவும் அவர் கூசினார். அன்று முதல், சுற்றுவழியாயினும் அவ்வீதியாலேயே வீடு திரும்புகிறார். குழாயிலிருந்து நீர் சொட்டுகிறதா, சாளரம் சற்றேனும் திறந்துள்ளதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு நடக்கிறார்.