பிளாக் பண்ணினேன்... மாமாவுக்கு நஷ்டம்!

தொல்லை மெயில் ஒன்றும் நேற்று வந்ததில்லை நண்பர்களே. 1978 மே 3-ம் தேதி அமெரிக்காவில் கேரி துர்க் என்பவர் தன் கம்பெனி கம்ப்யூட்டரை விற்பதற்காகச் சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டார். அதைத்தான் உலகின் முதல் ஸ்பாம் என்கிறார்கள்.

எங்கள் மாமாவுக்கு வாய்த்தவர் ராணிப்பேட்டைத் தோல் வியாபாரி. மாமா ஆம்பூரில் சின்னதாக ஷூ அப்பர் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். தோல் வாங்குவது அவரிடம்தான், ஆனால் ஆர்டர் எல்லாம் போனில். அவரோ தினமும் நாலு மெயில் போடுவார். 'இன்றைய ஸ்டாக்', 'புது ஸ்டாக்', மறுபடி 'இன்றைய ஸ்டாக்'...

"டேய், பி.காம் படிக்கிறியே, இந்தாளை நிறுத்த ஒரு வழி பண்ண மாட்டியா?" என்றார் மாமா. பி.காமுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஜிமெயிலில் அவர் மெயிலைத் திறந்து, வலது ஓரத்து மூன்று புள்ளியை அழுத்தி, 'பிளாக்' கொடுத்தேன். பத்து செகண்ட் வேலை. மாமா பிரியாணி வாங்கித் தந்தார். (ஆம்பூரில் வேறென்ன தருவார்கள்?)

மூன்று வாரம் போயிருக்கும். புதுத் தோல் வந்து இறங்கியது. கட்டிங் முடிந்து தையலும் ஆரம்பித்தாச்சு. அப்புறம்தான் தைக்கிற அக்கா ஒருத்தர் கவனித்தார். இடது கால் ஒரு பிரவுன், வலது கால் வேறு பிரவுன்!

மாமா போனில் கத்தினார். அந்தப் பக்கம் நிதானமாகப் பதில் வந்தது: "இந்த லாட்ல ஷேடு மாறியிருக்கு, பழைய தோலோட கலந்து வெட்டாதீங்கன்னு மெயில் போட்டேனே சார்?"

ஸ்பாமைத் திறந்தேன். இருந்தது. வெட்டின தோலை ஒட்டவா முடியும்? மாமா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஜிமெயிலில் பிளாக் செய்தால் அந்த மெயில் திரும்பிப் போகாது. நேராக ஸ்பாமுக்குப் போய், 30 நாளில் தானாக அழிந்துவிடும். அனுப்பியவருக்குத் தகவலே போகாது. நாம் படித்துவிட்டோம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். மோசடிக்காரனையாவது தடுக்குமா என்றால், பிளாக் ஆவது முகவரிதானே, ஆள் இல்லையே! ஓர் எழுத்தை மாற்றிப் புது முகவரியில் வந்துவிடுவான்.

எனக்குத் தேவைப்பட்டது ஃபில்டர். இந்த முகவரியிலிருந்து, தலைப்பில் 'ஸ்டாக்' என்று வந்தால் மட்டும் இன்பாக்ஸுக்கு வராமல் தனி லேபிளில் போய் உட்காரட்டும். மற்றதெல்லாம் வழக்கம்போல வரட்டும். பிளாக்கை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அப்படித்தான் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கொடுக்கல் வாங்கல் இருக்கிற யாரையாவது பிளாக் பண்ணி வைத்திருக்கிறீர்களா? 30 நாள் முடிவதற்குள் ஸ்பாமை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.